நீ மட்டும் போட்டுக்கொண்ட ஊசி

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

சனிக்கிழமை விடுதி முற்றத்தில் உங்கள் பால்வினை நோய் விழிப்புணர்வு நாடகம் நன்றாக இருந்ததாம். "ஆணுறை இல்லாம கிட்ட போகாதீங்கப்பா, சோதனைக்கு ஜோடியா போங்க!" என்று நீ சொன்னதும் ஒரே கைதட்டலாம். நான் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அறையில் கிடந்தேன்.

மபராரா மருத்துவமனையில் அது மேகவெட்டை, உறவில் தொற்றும் நோய் என்றார்கள். "உன் ஆளையும் கூட்டிட்டு வாம்மா, ரெண்டு பேரும் மருந்து எடுக்கணும்" என்று உன் பெயரைக் குறித்துக்கொண்டார் செவிலியர். உன்னிடம் ஓடி வந்தேன். நீ என்ன சொன்னாய்? "எனக்கு ஒண்ணுமில்ல. எவன்கூடப் போனியோ அவனக் கூட்டிட்டுப் போ." உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லையென்று உனக்கே தெரியும். அன்று தனியாகவே மருத்துவமனைக்குத் திரும்பினேன்.

நேற்று சப்பாத்திக் கடையில் உன் அறைத்தோழன் துமுசிமே கேட்டான்: "உனக்கு இப்பத் தேவலையா? அவனுக்குப் போன மாசமே ஊசி போட்டுச் சரியாப்போச்சே!"

போன மாதமே உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கும் ஓர் ஊசியோடு போயிருக்கும். இப்போது கருக்குழாயில் தழும்பு என்கிறார் மருத்துவர். பிள்ளை பிறக்குமா என்று கேட்டேன். அவர் மாத்திரை எழுதினார்.

உன்னோடு இப்போது சுற்றும் முதலாண்டுப் பெண் கெமிகிஷாவிடம் நேற்றே எல்லாவற்றையும் சொன்னேன். "பொறாமையில பேசுற, போ" என்று கதவைச் சாத்தினாள். இன்று காலை அவளே வந்து, "எனக்கும் வலிக்குதுக்கா" என்றாள். கூட்டிப் போனேன்.

அதே செவிலியர் அவளிடமும் ஆளின் பெயரைக் கேட்டார். அவளும் உன் பெயரையே சொன்னாள். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

இப்படிக்கு,
நீ சொல்லாமல் விட்டவள்