மஞ்சள் உடையில் அம்மா

மார்ச் 3, செவ்வாய்

சீசன் தொடங்கிவிட்டது. துணி உலர்த்தும் இயந்திரம் காலையிலேயே மக்கர் செய்தது. ஓட்டல் விரிப்புகள் எல்லாம் ஈரத்தோடு குவிந்து கிடக்கின்றன. ரிப்பேருக்கு ஆள் அனுப்பச் சொல்ல மேலே வரவேற்பறைக்குப் போனேன். நகராட்சி அனுப்பிய சுற்றுலா போஸ்டரை அங்கே மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்துப் பாணி: அடர்த்தியான நிறங்கள், தடித்த எழுத்து, நீலக் கடல், கோடு போட்ட குடை. குடைக்கடியில் சாய்வு நாற்காலி. மஞ்சள் உடையும் கையில் பழரசமுமாக ஒரு பெண்.

அம்மா.

போன வருஷம் செத்துப்போன என் அம்மா. மூலையில் அக்காவின் கையெழுத்து. வரைந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்ச் 4

அக்காவுக்குப் போன் செய்தேன். "நல்லா வந்திருக்கு இல்ல?" என்கிறாள். வைத்துவிட்டேன்.

மார்ச் 7

எங்கே திரும்பினாலும் அதே முகம். ரயில் நிலையத்தில், பஸ்ஸின் முதுகில், கடையில் தொங்கும் பைகளில். இன்று ஒரு விருந்தாளி அதைப் பார்த்து, குடுத்து வச்சவ என்று பெருமூச்சு விட்டாள்.

குடுத்து வைத்தவளா? இதே ஓட்டலின் அடித்தளத்தில் காலமெல்லாம் துணி வெளுத்தவள். பின்வாசலில் வந்து பின்வாசலிலேயே போனவள். வேலை செய்கிறவர்கள் ஓட்டல் கடற்கரைப் பக்கம் தலைகாட்டக் கூடாது, இன்றைக்கும் அதுதான் சட்டம். ப்ளீச்சில் வெந்து தோலுரிந்த கை அவளுக்கு. அக்கா வரைந்திருக்கிற அந்தப் பூப்போன்ற விரல்கள் யாருடையவை? அம்மாவை அழகாக்க அம்மாவையே அழிக்க வேண்டுமா?



மார்ச் 8

வரவேற்பறைப் பக்கமே போகவில்லை.

மார்ச் 14, சனி

அக்கா வீட்டுக்கே போய்விட்டேன். செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தேன். பெற்றவளை விளம்பரத்துக்கு விற்றுவிட்டாய் என்றேன், இன்னும் என்னென்னவோ. அவள் தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் பேசினாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பகலில் அக்கா இருப்பாள், இரவில் நான். ஒரு மத்தியானம் அம்மாவே கேட்டாளாம்.

"சும்மா உக்காந்திருக்கிற மாதிரி என்னை ஒண்ணு போடுன்னாங்க. கைய மட்டும் நல்லாப் போடுன்னாங்க. நகராட்சியில போஸ்டர் கேட்டப்ப அதையே குடுத்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சின்னவகிட்ட சொல்லாத, அவ கத்துவான்னாங்க."

நானா? நான் ஏன் கத்தப்போகிறேன்? — இதைக் கேட்கும்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தேன். ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். என்னிடம் மருந்து கேட்டாள், தண்ணீர் கேட்டாள். இதைக் கேட்கவில்லை. செத்துப்போனவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

மார்ச் 17

மேனேஜரிடம் நானே சொன்னேன். அது என் அம்மா, இங்கே கீழேதான் வேலை பார்த்தாள் என்று. பெருமையாகச் சொன்னேன், முட்டாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "கெஸ்ட் யார்கிட்டயும் இதைச் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க" என்றார்.

சாயங்காலம் பார்க்கிறேன், சுவர் காலி.

மார்ச் 20, வெள்ளி

அக்கா அழைத்தாள். மேனேஜர் நகராட்சிவரை போயிருக்கிறார். துணி வெளுக்கிறவள் முகத்தைக் காட்டியா விருந்தாளிகளைக் கூப்பிடுவது என்று கேட்டாராம். அடுத்த அச்சுக்கு முகத்தை மாற்றித் தரச் சொல்கிறார்கள். வேறு யாராவது, கொஞ்சம் இளவயதாக.

"என்னடி சொல்லட்டும்?"

"ஒரு கோடுகூட மாத்தக் கூடாது. அவங்க அங்கதான் உக்காந்திருப்பாங்க, பிடிக்காதவன் கண்ணை மூடிக்கட்டும்னு சொல்லு."

 அக்கா சிரித்தாள்.

"நீயே வந்து சொல்லு. உன் வாய் எனக்கு வராது."

திங்கட்கிழமை காலை நகராட்சி அலுவலகத்துக்கு. அக்கா பஸ் நிலையத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். லீவு சொல்லிவிட்டேன். எதற்கு என்று மேனேஜர் கேட்டார். அம்மா விஷயமாக என்றேன்.