ஒன்பது இலைகளுக்கும் ஒரே பதில்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் நலம். அவருக்கு முதுகுவலி. கனமானதைத் தூக்காதீர்கள் என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய்வலி. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கம்பளிக் காலுறை உன் கைக்கு வந்து சேர்ந்ததா? முதல் கடிதத்தோடு நான் வைத்த இலையைத் திருப்பி அனுப்பியதுபோல, காவலர் அதையும் திருப்பி அனுப்பாமல் இருந்தால் சரி.

உன் பதில் வந்தது. நான் இலைகளை வரைந்து அனுப்பிய தாளையே திருப்பி அனுப்பியிருக்கிறாய். அடியில் மூன்று வரி. விடுதலையானதும் வேறு ஊருக்குப் போகிறாய், கூட்டிப்போக நான் சிறை வாசலில் வந்து நிற்க வேண்டாம், தோட்டத்தைச் சிமென்ட் போட்டு மூடிவிட வேண்டும். உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். அவர் எழுந்துபோய், உன் அறை ஜன்னலின் உடைந்த கொக்கியை மாற்றினார். அவருடைய பதில் அது. என்னுடையது நீளமாக வரும், பொறுமையாகப் படி.

நீ போன பிறகு தோட்டம் என் தலையில் விழுந்தது. எங்கே என்ன விதைத்தாய் என்று ஒரு குச்சிகூட நட்டு வைக்காமல் போய்விட்டாய். எனக்கோ செடி என்றால் காய்கறிக் கடையில் பார்த்ததுதான். குளிர் தொடங்கியபோது எல்லாம் பட்டுப்போகும், வேலை மிச்சம் என்று நினைத்தேன். ஆனால் உறைபனி விழுந்து புல் கருகிய பிறகுதான் மண்ணில் இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. கிணற்றடியில் இரண்டிரண்டு இலையோடு நூற்றுக்கணக்கில் முளைகள். மதிலோரம் வேறு விதம். தண்டே இல்லை. இலைகள் வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்று படாமல், தரையோடு ஒட்டிப் படுத்திருந்தன. அவற்றுக்கு நான் தட்டு என்று பெயர் வைத்தேன். ஒரு தட்டு முள்ளாக, ஒரு தட்டு வழவழப்பாக, இன்னொன்று முழுக்க வெள்ளை ரோமம். ரோமத் தட்டுகள் மட்டும் பதினொன்று இருந்தன.

தினமும் அச்சகத்துக்குக் கிளம்பும் முன், பிழை பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அங்கே குந்திவிடுவேன். ரோமத்தின் நுனியில் பனி பொடிப்பொடியாக நிற்கும், இலைக்குள் இறங்காது. வெயில் வந்ததும் உருகி நடுக்குருத்துக்கு வழியும். எதிர்வீட்டு ஓட்டுநர் ஒருநாள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, “என்னம்மா, மோதிரம் கீதிரம் தொலைஞ்சு போச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், அவரும் இறங்கி வந்து கால் மணி நேரம் தேடினார்.

எது களை, எது நீ போட்டது என்று எனக்குத் தெரியவில்லை. அச்சகத்தில் சந்தேகம் வந்தால் நானாக அடிக்க மாட்டேன், ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுதியவருக்கே அனுப்பிவிடுவேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். இலையை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், ஒன்பது வகையையும் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். ஒன்பதுக்கும் நீ ஒரே பதில் எழுதியிருந்தாய். களை, பிடுங்கிவிடு.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒன்பதாவது, நான் தொட்டியில் போட்ட முள்ளங்கி. உன்னைச் சிரிக்க வைக்கலாம் என்று சேர்த்து வரைந்தேன். அதையும் களை என்று எழுதியிருந்தாய். நான் ஒரு மரமண்டை. எழுதியவர் நீக்கு என்று குறித்துவிட்டால் ஏன் என்று கேட்கத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் மண் தோண்ட ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு மதிலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாவது ரோமத் தட்டைப் பிடுங்கும்போது தெருவில் ஊன்றுகோல் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். தையல் அக்கா.

இந்தப் பெயரை எழுதினால் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய் என்று தெரியும். மடிக்காதே. அவர் இப்போது தெருமுனை வரை நடக்கிறார். இடது கால் மிதிக்க ஒத்துழைக்காததால் தையல் மெஷினுக்கு மோட்டார் வைத்திருக்கிறார். பாதி வேலைதான் எடுக்கிறார். இதையெல்லாம் உன்னிடமிருந்து மறைக்க நான் விரும்பவில்லை. தூக்கத்தை அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டியவன் நீ, நடைபாதையில் ஏறி அவரை இடித்தது உன் வண்டி, அதை நீதிபதி முன்னால் மறைக்காமல் ஒப்புக்கொண்டவனும் நீதான். எனக்கு மூன்றுமே தெரியும்.

எனக்கு எழுந்து நிற்பதா, உள்ளே ஓடுவதா என்று புரியவில்லை. இத்தனை மாதமாக அவர் கடைப்பக்கம் போகாமல் சுற்றுவழியில்தான் அச்சகத்துக்குப் போய்வருகிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார். “அதை ஏன் பிடுங்குறீங்க?” என்றார். களையாம், தம்பி எழுதியிருக்கிறான் என்று உளறினேன். உன் தாளை எடுத்துக் காட்டவும் செய்தேன். அவர் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “இது களை இல்லைன்னு அவருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சே பொய் எழுதியிருக்கார். இந்த விதையை உறையில போட்டுக் கொடுத்ததே நான்தான்” என்றார்.

நீ துணிமூட்டை இறக்கப் போன ஒருநாள், அவர் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு நின்ற மஞ்சள் பூவைக் கேட்டாயாம். தையலுக்கு வருமுன் அவர் எட்டு வருடம் நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்தவராம். முதல் வருடம் வெறும் இலைதான், குளிர் முழுக்கத் தரையில் படுத்துக் கிடக்கும், அடுத்த கோடையில்தான் தண்டு விடும், பொறுமை இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தாராம். இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தவன் நீ. விபத்து அதற்கு அடுத்த மாதம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைச் சமாதானம் செய்யவில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, வேரில் மண் இருக்கிறதா பாருங்கள், இன்னும் ஆழமாகத் தோண்டுங்கள், குருத்துக்குள் மண் விழக் கூடாது என்று அதட்டி அதட்டி ஐந்தையும் திரும்ப நட வைத்தார். அதற்குள் அவருக்குக் கால் வலித்தது. உன் அத்தான் நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து உட்கார்ந்தார்.

கிளம்பும்போது நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், தம்பிக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அவர் சொன்னதைச் சொல் மாற்றாமல் எழுதுகிறேன். “மன்னிச்சிட்டேன்னு எழுதிடாதீங்க. படி ஏறும்போதெல்லாம் இன்னும் கோபம் வருது. ஆனா நான் கொடுத்த விதையைக் களைன்னு எழுதக் கூடாது. தண்டு விட்டா காத்துக்குச் சாயும், கொம்பு நட்டுக் கட்டணும். என்னால குனிய முடியாது, உங்களுக்குக் கட்டத் தெரியாது. அதை மட்டும் எழுதுங்க.”

அதற்குப் பிறகு இரண்டு முறை வந்தார். முந்தாநாள் வரும்போது ஓரத்தில் வெட்டிய துணிநாடா ஒரு கட்டு கொண்டுவந்து மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். தண்டு கட்டுவதற்காம். நான் இப்போது சுற்றுவழியில் போவதில்லை.

பிடுங்கிய ஐந்தில் இரண்டு கருகிவிட்டன. மூன்று பிழைத்துக்கொண்டன. நேற்று காலை கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நடுவில் விரல்நகம் அளவுக்குப் புது இலை, அதுவும் ரோமத்தோடு. முள்ளங்கியை நாங்கள் சாப்பிட்டுவிட்டோம்.

தம்பி, நீ வெட்கப்படுவது எனக்குப் புரிகிறது. இந்தத் தெருவில் தலையைத் தூக்கி நடப்பது எப்படி என்று நீ நினைப்பதும் புரிகிறது. தூக்க வேண்டாம், குனிந்தே வா. எதிர்வீட்டு ஓட்டுநர் ஏதாவது கேட்டால் மோதிரம் தேடுவதாகச் சொல்லிக்கொள்ளலாம். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும், எழுத வரவில்லை.

அடுத்த மாதம் பதினேழாம் தேதி காலை நானும் உன் அத்தானும் வாசலில் நிற்போம், நீ வேண்டாம் என்றாலும் நிற்போம். வேறு ஊர்ப் பேருந்தில்தான் ஏறுவாய் என்றால், என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறு. உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகத் தூங்கு.

கீழே அந்த ரோம இலையை மறுபடி வரைந்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். இந்த முறை யோசித்துப் பதில் எழுது. கொம்பு எத்தனை அடி உயரம் வேண்டும் என்பதையும் எழுது. அத்தான் வெட்டி வைப்பார், நட மாட்டார், அது உன் வேலை.

உன்னை விட்டுக்கொடுக்காத,
அக்கா