பாய்லர் அந்தோணியின் பூட்ஸும் ஐம்பது காலி லாட்டும்

ஜூன் 5, 1989. திங்கள்

காலை எட்டுக்கே வெயில். பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் வரை பஸ்ஸில் நின்றபடி. தோல் பதனிடும் டேனரியில் கரண்ட் பதினொன்றுக்குத்தான் வந்தது. அதுவரை கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்திவிட்டு அதன் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டைம்கீப்பர் கோவிந்தசாமி கூப்பிட்டு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்தார். சைஸ் பத்து. என் கால் நாலு.

"எனக்கு எதுக்கு சார் இது?"

"உன் வரியில இருக்குதும்மா. வருஷத்துக்கு ஒரு ஜோடி. கையெழுத்துப் போடு."

பதிவேட்டை எட்டிப் பார்த்தேன். எனக்கென்று தனி வரியே கிடையாது. பிப்ரவரியில் வேலையை விட்டு நின்றுபோன பாய்லர் அந்தோணியின் வரியில் பெயரை மட்டும் அழித்து, பென்சிலால் எஸ்தர் என்று எழுதி வைத்திருக்கிறார். மற்றக் கட்டங்கள் அப்படியே அந்தோணியுடையவை. தற்காலிக ஆட்களுக்குத் தனி நம்பர் கிடையாதாம்.

நிரந்தரம் ஆவேனா என்பது சனிக்கிழமை தெரியும். ஹாஜியார், அதாவது முதலாளி, நேரில் உட்கார்ந்து என் தோல் கணக்குப் புரோகிராமைப் பார்க்கப்போகிறார். ஓடினால் இருப்பேன். ஓடாவிட்டால் மிஷின் மெட்ராஸுக்குத் திரும்பும், நான் அப்பா ஹெட்மாஸ்டராக இருக்கும் பள்ளியில் ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர். பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டண்ட் ஐயா ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பதில் கேட்பார். அப்பா நாலு நாளாக "உன் இஷ்டம்" என்கிறார். அவர் அப்படிச் சொன்னால் அவர் இஷ்டம் என்று அர்த்தம்.

எனக்குக் கணக்கு பிடிக்கும். ஆறாம் வகுப்பு பிடிக்காது.

மாலை: புரோகிராம் எழுதும் மொழி, சி பிளஸ் பிளஸ், மறுபடி முறைத்தது. ஒரு லாரியில் வந்த தோல் மொத்தம் ஒரு லாட். லாட்டுக்கு ஒரு கிளாஸ், அதாவது எல்லா லாட்டுக்கும் பொதுவான அச்சு, எழுதினேன். அதற்குள் கன்ஸ்ட்ரக்டர்: ஒரு லாட் பிறக்கும்போதே, நாம் கூப்பிடாமல் தானாக ஓடி, அதற்கு நம்பரும் எண்ணிக்கையும் போட்டு உட்காரவைக்கும் பகுதி. ஒரு லாட் செய்தால் அழகாக ஓடுகிறது. வரிசையாக ஐம்பது லாட் வேண்டும் என்றால் முடியாது என்கிறது. ஏன் என்று சொல்லாமல் முடியாது என்பதில் இது அப்பாவைப் போல.

ஜூன் 6, செவ்வாய்

மெட்ராஸுக்கு டிரங்க் கால் புக் பண்ணினேன். மிஷின் விற்ற கம்பெனியின் ரமணன் சாரிடம் கேட்க. மூன்று நிமிஷம்தான். துண்டுக் காகிதத்தில் சந்தேகங்கள்:

கன்ஸ்ட்ரக்டருக்கு ஏன் கிளாஸின் பெயரையே வைக்கணும்?
அது எதையும் திருப்பித் தராது, சரி. 'வாய்ட்', ஒன்றுமில்லை, என்றுகூட எழுதக்கூடாதா?
நான் ஒன்றுமே எழுதாவிட்டால் தானாக ஒன்று வைத்துக்கொள்கிறது. நான் ஒன்று எழுதியதும் அது கோபித்துக்கொண்டு போய்விடுகிறது. ஏன்??

லைன் வர மூணு மணி ஆகிவிட்டது. கத்தித்தான் பேசணும். ஆபீஸ் முழுக்க பேனாவைக் கீழே வைத்துவிட்டது.

"சார்! லாட்டை யார் சார் உண்டாக்குறது?"

"நம்ம ஆண்டவன்தான்" என்றார் கோவிந்தசாமி, பின்னால் இருந்து.

முதல் இரண்டு சந்தேகத்துக்கும் "அது அப்படித்தான்மா" என்றார் ரமணன். மூன்றாவதற்குப் பதில் இருந்தது. நம்பர் கேட்டு வாங்கும் கன்ஸ்ட்ரக்டரை எழுதிவிட்டேன். வரிசையாக ஐம்பது செய்யும்போது ஐம்பதுக்கும் யார் நம்பர் கொடுப்பது? அதனால்தான் மறுக்கிறது. "ஒண்ணும் வாங்காத கன்ஸ்ட்ரக்டர் இன்னொண்ணு எழுதிடுங்க. உள்ளே காலியா விட்டுடுங்க. வாயை மூடிக்கும்." லைன் கட்.

எழுதினேன். வாயை மூடிக்கொண்டது. சந்தோஷத்தில் இரண்டு மசால் வடை. ஒன்று நேற்றையது என்று பிறகு தெரிந்தது.

ஜூன் 7, புதன்

வெயில். வயிறு சரியில்லை. வடை.

கேட்டிலிருந்து ஷெரீப் பாய் வந்து நின்றார். உள்ளே வரும் ஒவ்வொரு தோலிலும் வால் பக்கம் இரும்பு அச்சை வைத்து, சுத்தியலால் ஓர் அடி அடித்து, லாட் நம்பர் குத்துகிறவர். மையால் எழுதினால் சுண்ணாம்புத் தொட்டியில் கரைந்துவிடும். இவர் நிற்கும்போது பார்த்தா திரையில் அப்படி வரணும்: லாட் 3, இருப்பு மைனஸ் 12,851 தோல்.

"மைனஸ்னா இன்னா கம்ப்யூட்டரம்மா?"

"கம்மின்னு அர்த்தம் பாய்."

"சைபருக்கும் கம்மியா? உரிச்ச தோலை மாட்டுக்கே திருப்பி மாட்டி விட்டீங்களா?"

தோல் சுழலும் டிரம் ஓட்டுகிறவர்கள் வரை செய்தி போய்விட்டது. மதியம் என்னைப் பார்த்து யாரோ மாடு மாதிரி "ம்மா" என்று கத்தினார்கள். அழுகை வந்தது. பாத்ரூமில் போய் முகம் கழுவினேன்.

அதற்குள் கம்பெனி டாக்டர் வந்து கூப்பிட்டார். காது பரிசோதனை. பாய்லர் சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒருமுறையாம்.

"எத்தனை வருஷமா பாய்லர்ல இருக்கே?"

"மூணு மாசமா கம்ப்யூட்டர்ல, சார்."

"போன தடவைக்கு இப்ப நல்லா கேக்குது. வலது காதுல ரொம்ப முன்னேற்றம்." எழுதிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில், மாதனூர் தாண்டும்போது புரிந்தது. காலி கன்ஸ்ட்ரக்டர் என்றால் லாட் காலியாகப் பிறக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் இல்லை. மெமரியில் இடத்தை ஒதுக்குகிறது, துடைப்பதில்லை. அந்த இடத்தில் முன்னே எவன் என்ன வைத்துவிட்டுப் போனானோ அதுவே என் லாட்டின் இருப்பு. அந்தோணியின் வரி, அந்தோணியின் பூட்ஸ், அந்தோணியின் காது. பக்கத்து சீட் அம்மா என் சிரிப்பைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஜூன் 8, வியாழன்

கன்ஸ்ட்ரக்டருக்குள் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டேன். மைனஸ் போச்சு. ஒரு மணி நேரம் ராணி மாதிரி இருந்தேன்.

பிறகு லேபிள் அடித்துப் பார்க்கலாம் என்று பிரிண்டரை ஓட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். லாரி வந்தது இரண்டுதான். லேபிள் ஐம்பது. நாற்பத்தெட்டில்: லாட் 0, தோல் 0. வராத லாட்டையும் வந்ததாக நினைத்து அடித்துத் தள்ளிவிட்டது.

ஷெரீப் பாயின் ஆட்கள் ஒன்றையும் வீணாக்கவில்லை. தண்ணீர்ப் பானையில் ஒன்று. சைக்கிள் வரிசை முழுக்க. கோவிந்தசாமியின் முதுகில் ஒன்று, அவர் அதோடே ஹாஜியார் அறைக்குப் போய்விட்டு வந்தார்.

ஹாஜியார் கூப்பிட்டனுப்பினார். கோபப்படவே இல்லை, அதுதான் பயம். "லாட் சைபர்னு ஒண்ணு நம்ம கிட்ட இருக்குதாம்மா?"

"இல்லீங்க."

"இல்லாததுக்கு லேபிள் எதுக்கு? நாளன்னைக்கு நானே உட்கார்ந்து தட்டிப் பார்க்கிறேன்."

வீட்டில் அப்பா ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மேஜைமேல் வைத்திருந்தார். புது அட்டை போட்டு. பாதி சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

ஜூன் 9, வெள்ளி

ஜும்மா, அரை நாள்தான். இருந்த அரை நாளிலும் முக்கால் மணி கேட்டில் போச்சு. தோல் லாரி ஒன்று வாசலை அடைத்து நிற்கிறது, ஷெரீப் பாய் விடவில்லை. ஆபீசிலிருந்து லாட் நம்பர் சீட்டு வரவில்லையாம்.

"யோவ், வெயில்ல நாறுதுய்யா! இறக்கிட்டு அப்புறம் நம்பர் போட்டுக்க" என்று டிரைவர்.

"அப்புறம்னா எப்போ? தொட்டிக்குள்ள எறங்கிட்டா எல்லாத் தோலும் ஒரே மூஞ்சி. நம்பர் இல்லாம ஒரு தோல் உள்ள வராது."

"எறக்கி ஓரமா வைக்கிறேன்ப்பா."

"நம்பர் இல்லாதது லாட்டே இல்லை. சும்மா நாத்தம். பேஜார் பண்ணாதே, வண்டியை ஓரங்கட்டு."

மூக்கில் கைக்குட்டையோடு, குடையோடு, இந்த ஆளை மனசுக்குள் திட்டிக்கொண்டே நின்றேன். பாதி திட்டில் நிறுத்திவிட்டேன். ஐம்பது லாட்டை முன்கூட்டியே நம்பர் இல்லாமல் உள்ளே விட்டு, அப்புறம் போட்டுக்கலாம் என்று உட்கார்ந்திருப்பது நான்தான். காலி கன்ஸ்ட்ரக்டர் எழுதுகிற வேலையை இந்தக் கேட்டில் மூன்று மாசமாக ஒருத்தருக்கும் இவர் அனுமதிக்கவில்லை. தினம் இவரைத் தாண்டித்தான் போகிறேன். மடச்சி.

சீட்டு வந்து லாரி நகர்ந்ததும் ஓடினேன். காலி கன்ஸ்ட்ரக்டரை அழித்தேன். வரிசையில் இனி ஐம்பது இடம் மட்டும், லாட் ஒன்றுகூட இல்லை. நம்பர் கையில் வந்த பிறகுதான் லாட்டே உண்டாகும். மசூதியில் பாங்கு சத்தம் கேட்கும்போது புரோகிராம் ஓடியது. இரண்டு லாரி, இரண்டு லேபிள்.

ஷெரீப் பாயிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்க முடியாது.

ஜூன் 10, சனி

விடியலில் தூறல். நல்ல சேலை.

பத்து மணி. ஹாஜியார் உட்கார்ந்தார். பின்னால் ஆபீஸ் பூராவும், ஷெரீப் பாயும். ஒற்றை விரலால் 'புது லாட்' தட்டினார். நம்பர் கேட்டது. வேண்டுமென்றே ஒன்றும் போடாமல் என்டரை அமுக்கினார். மறுபடி கேட்டது. மறுபடி அமுக்கினார். ஏழு தடவை. ஏழு தடவையும் நம்பர் கேட்டது.

"ஷெரீப்," என்றார் திரும்பாமலே, "உன் தோஸ்த் ஒருத்தன் இதுக்குள்ள உட்கார்ந்திருக்கான்."

பிறகு நம்பர் போட்டார். லாட் வந்தது. ஒரே ஒரு லேபிள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மிஷின் இருக்கட்டும். உனக்கு இன்னாம்மா வேணும்?"

யோசிக்கவே இல்லை. "எனக்கு ஒரு நம்பர் வேணுங்க."

கோவிந்தசாமி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, பதிவேட்டைத் திறந்து, அந்தோணி வரியை ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையால் அடித்தார். கடைசியில் புது வரி. நூற்றுப் பதினாறு. எஸ்தர். பேனாவால். ஒவ்வொரு கட்டமாக என்னைக் கேட்டு எழுதினார். கண் கலங்கிவிட்டது, பூட்ஸ் சைஸ் சொல்லும்போது.

அந்தப் பழைய ஜோடியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்கிறார். "யார் பேர்ல வாங்கி வைக்கிறது? அந்தோணி வரியை இப்பதானே அடிச்சேன்."

பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டே பஸ், வீடு. அப்பா வாசலில் நின்றிருந்தார். பூட்ஸைப் பார்த்தார்.

"நூத்திப் பதினாறுப்பா" என்றேன்.

பூட்ஸை வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் காலை விட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி.

"கரஸ்பாண்டண்ட் கிட்ட நாளைக்கு நானே சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு, பூட்ஸோடே முருங்கைக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.