மாடி வீட்டில் செல்வி

ஜூன் 12, 1972. திங்கள்.
வெயில் கொளுத்துகிறது. குழாயில் காற்றுதான் வருகிறது. செல்வியை அடையாறு பள்ளியில் விட்டு வந்தேன். இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்குப் பள்ளி என்று எழுதக் கை கூசுகிறது. மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகள் அங்கே கவர் ஒட்டுகிறார்கள். பாட்டு உண்டு. டீச்சர் கேட்டார்: "இங்க ரொம்ப சந்தோஷமா இருக்கா சார். வீட்டுல எப்படி?" நான் அதை யோசித்ததே இல்லை.

வாங்க வேண்டியவை: ரவை, முந்திரி, வெற்றிலை, நல்ல காபித் தூள். புதன் மாலை சின்னவள் கீதாவைப் பெண் பார்க்க அசோக் நகரிலிருந்து வருகிறார்கள்.

ஜூன் 13. செவ்வாய்.
மனைவி முடிவு செய்துவிட்டாள். அவர்கள் வந்து போகும் வரை செல்வி மேலே காலியாகக் கிடக்கும் மாடி வீட்டில் இருக்க வேண்டுமாம். "மூத்தவ இப்படின்னு தெரிஞ்சா சின்னவளை யாரு கட்டுவா?" நியாயம்தான். நியாயமா?

செல்வியிடம் சொன்னாள்: "அவங்க போற வரைக்கும் கீழே வரக்கூடாது. யாரு கூப்பிட்டாலும்." செ. அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். பெரிய வேலை கிடைத்த பெருமை. எனக்கு எரிச்சல். யார் மேல் என்று தெரியவில்லை.

சட்டை இஸ்திரிக்குப் போட்டது வரவில்லை.

ஜூன் 14. புதன்.
நாலரைக்கு வந்தார்கள். கேசரி சுமார். பையன் நல்ல மாதிரி. கீதாவைப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. பையனின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பெரியவ எங்கே? தரகர் சொன்னாரே. அவளுக்கும் பூ வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றார். பாவி, தரகன் எங்களிடம் மூச்சு விடவில்லை. மனைவி முகத்தில் ஈயாடவில்லை.

மாடிக்கு ஓடினேன். செ. கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா, உன்னைப் பாக்கணுமாம்."

"வரமாட்டேன்."

"அம்மாதான் கூட்டிட்டு வரச் சொன்னா."

"பொய். யாரு கூப்பிட்டாலும் வரக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு."

கையைப் பிடித்து இழுத்தேன். கட்டில் காலைக் கட்டிக்கொண்டு கத்தினாள். கீழே கேட்டிருக்கும். தனியாக இறங்கி வந்து, காய்ச்சல், படுத்திருக்கிறாள் என்றேன். அந்த அம்மாள் என்னையே பார்த்தார். பூவை வைத்துவிட்டு, "கடுதாசி போடறோம்" என்று கிளம்பிவிட்டார்கள்.

செ. இப்படி இருப்பது அவர்களுக்குக் குறையா, ஒளித்து வைத்ததுதான் குறையா? மனைவியைக் கேட்டேன். "என்னைக் கேட்டா?" என்றாள்.

ஜூன் 15. வியாழன்.
மேகம். மழை இல்லை. கீதாவுக்குக் கண் வீங்கியிருக்கிறது. பல் தேய்த்துக்கொண்டே செ. கேட்டாள்: "நேத்து நான் சரியா இருந்தேனாப்பா?"

சரியாக இருந்தாய் என்றேன்.

"அடுத்த தடவையும் இப்படியே இருப்பேன்" என்றாள்.