பின்பக்கத்து எண்கள்

2025 நவம்பர் 12, புதன்

சுவர் கிடைத்துவிட்டது! பள்ளிக்கூட கேட்டை ஒட்டிய பெரிய சுவர். நாலு முறை கேட்ட பிறகுதான் தலைமையாசிரியர் சங்கரநாராயணன் சார் வழிக்கு வந்தார். "ஜனவரி இருபத்தாறுக்குள்ள முடிச்சிடணும் டீச்சர். இல்லன்னா கம்பெனிக்காரங்க அங்க ஃப்ளெக்ஸ் மாட்டிக்கறேன்னு கேக்கறாங்க."

ஃப்ளெக்ஸா? என் ஒன்பதாம் வகுப்பு இருக்கும்போதா? சயின்ஸ் டீச்சருக்கு மண்ணு வேலை எதற்கு என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டவர்களுக்கும் அந்தச் சுவரே பதில் சொல்லட்டும். முப்பத்தாறு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு களிமண் டைல், ஆறுக்கு ஆறு. முடிப்பேன்.

நவம்பர் 19, புதன்

வராந்தாவில் பாய் அளவுக்குக் களிமண் பரப்பினோம். உருட்டித் தேய்க்க பி.வி.சி. பைப். பரப்பிய மண்தான் எங்கள் ஊர் வரைபடம்: மேலே ஏரி, நடுவே ரோடு, கீழே பஸ் ஸ்டாப். யார் வீடு எங்கே இருக்கிறதோ அந்தக் கட்டம் அவருக்கு. சதுரமாக வெட்டி, பின்பக்கம் ஆணியால் கட்டத்தின் எண்ணைக் கீறி, அவரவர் பெஞ்சுக்கு எடுத்துப் போனார்கள். காலை ஆறு மணிக்கு உன் வீட்டிலிருந்து என்ன தெரியும்? அதுதான் படம், வண்ணம் கலந்த களிமண் குழம்பில். இளம்பரிதி வயலில் நட்ட மனைக்கற்களைச் செய்தான். ஷெர்லின் கறுப்புக்கு மேல் மஞ்சள் புள்ளிகளாக வைத்துக்கொண்டே போனாள். என்னவென்று கேட்டால், "முடியட்டும் டீச்சர்."

சாயந்திரம் வீட்டுக்கு வந்த இவர், ஷிஃப்ட் முடிந்து மஞ்சள் தொப்பியைக்கூடக் கழற்றாமல், "எந்த நம்பர் யாரிதுன்னு லிஸ்ட் போட்டுக்கினியா?" என்றார். சிரித்துவிட்டேன். எண்தான் பின்னாலேயே இருக்கிறதே, லிஸ்ட் எதற்கு?

நவம்பர் 28, வெள்ளி

ஷெர்லின் டி.சி. வாங்கிப் போய்விட்டாள். அப்பாவுக்கு கான்ட்ராக்ட் முடிந்ததாம், மார்த்தாண்டத்துக்கே திரும்புகிறார்கள். "என் டைல விட்டுராதீங்க டீச்சர்." விடுவேனா!

டிசம்பர் 5, வெள்ளி

காஞ்சிபுரத்தில் மூன்று நாள் பயிற்சி. திரும்பி வந்தால் இவர் எனக்கு வேலையே வைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, மழையில் ஒரு வழியாகக் காய்ந்த டைல் அத்தனையும் பின்கட்டில் இருக்கும் என் மின்சூளைக்குள் ஏறியிருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லாத அடுக்கு. இருபது வருடமாக ஒரகடத்தில் உதிரிபாகங்களைச் சோதித்து, சரியானதற்குப் பச்சை மார்க்கரால் புள்ளி வைத்து அனுப்புகிற டில்லிபாபு வேறு எப்படி அடுக்குவார்? தோசைகூட ஒரே அளவில் இருக்கவேண்டும் அந்த மனிதருக்கு. கதவைச் சாத்தி சுவிட்சைப் போட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

சூளையைத் திறந்தேன். முப்பத்தாறும் முழுசு. ஒரு கீறல் இல்லை. குதிக்காத குறைதான்.

ஒன்றைத் திருப்பினேன். பின்பக்கம் வழவழவென்று இருந்தது. இன்னொன்று — அதுவும். எல்லாமே.

"ஏங்க, நம்பர் எங்க?"

"கீறுன எடத்துல பூரா பிசிறு நின்னுக்கினு இருந்துச்சி. செவுத்துல ஒட்டாதுன்னு எமரி ஷீட் போட்டு தேச்சிட்டேன். சும்மா வுடல, மார்க்கர்ல நீட்டா திரும்ப எழுதிட்டேன்."

ஆயிரம் டிகிரியில் மார்க்கர் மை நிற்குமா! உங்கள யாரு தொடச் சொன்னது, பிசிறு இருந்தா உங்களுக்கு இன்னா போச்சுன்னு கத்திட்டேன். பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். அவர் மெதுவாக ஒன்றுதான் கேட்டார். "லிஸ்ட் இல்லியா?"

வராந்தாவில் எடுத்த போட்டோவைப் பார்த்தேன், படம் போடுவதற்கு முந்தைய வெறும் களிமண். போய்விட்டதா என் சுவர்? இல்லை. எப்படி என்று தெரியவில்லை, ஆனால் இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். லிஸ்ட் போடாதது என் தப்பு என்பதையும் சேர்த்து. ஜோதி எழுந்தாள். "மிஸ், எங்க வூட்டுக்குப் பின்னாடி வூடுதான இளம்பரிதி வூடு? அப்ப என் டைல்ஸுக்கு மேல அவன்து."

ஒரு நாள் முழுக்க எனக்கு இது தோன்றவே இல்லை. சயின்ஸ் டீச்சராம்!

எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். தன் டைலைக் கண்டுபிடிக்க எவருக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதை மார்போடு பிடித்துக்கொண்டு, வீடு இருக்கும் இடத்தைப் பார்த்து நின்றார்கள். "நீ கோயிலுக்கு அந்தாண்டடா, தள்ளு!" என்று ஒரே சண்டை. சேற்றில் என் ஊர் ஆறு வரிசையாக நின்றது. கடைசி வரிசையில் ஒரே ஒரு ஓட்டை, கையில் ஒரே ஒரு டைல். ஷெர்லினுடையது. பஸ் ஸ்டாப் பக்கத்து மாடி வீடு, முப்பத்தைந்தாம் எண்.

ஒரு பாதி வெறும் கறுப்பு, மறு பாதியில் மஞ்சள் புள்ளிகள். எது மேல், எது கீழ்? அவள் அப்பாவின் எண்ணுக்கு அழைத்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது. "மஞ்சப் புள்ளி நட்சத்திரம் மிஸ்" என்றது வகுப்பு மொத்தமும். அப்படியானால் புள்ளிகள் மேலே.

எல்லாவற்றின் முதுகிலும் செங்காவி குழைத்து எண் எழுதினேன், மேல்பக்கம் நோக்கி அம்புக்குறியும் போட்டேன். இது எரியாது. லிஸ்ட்டும் போட்டேன். இரண்டு பிரதி.

ஜனவரி 4, ஞாயிறு

பளபளப்புப் பூச்சு பூசி இரண்டாம் சூடு. இவர் கதவோரம் நின்று, "நா எதுனா தூக்கித் தரணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அவ்வளவு வெடுக்கென்று சொல்லியிருக்க வேண்டாம். ஒரு மாதமாகத் தோசையைப் பற்றிக்கூட அவர் எதுவும் சொல்வதில்லை.

ஜனவரி 24, சனி

சுவர் ஏறிவிட்டது. மேஸ்திரி கடைசி டைலை ஒட்டியதும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியரே வெளியே வந்துவிட்டார். ஃப்ளெக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எவ்வளவு அழகு! நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்வது?

ஷிஃப்ட் முடிந்து இவரும் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தார். கடைசி வரிசையில் ரொம்ப நேரம் நின்றார். என்ன குறை சொல்லப்போகிறாரோ என்று தயாராக இருந்தேன். "நல்லா கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவ்வளவுதானா?

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம். எல்லோரும் கொடியைப் பார்க்க, ஒன்பதாம் வகுப்பு மட்டும் சுவரைப் பார்த்தது.

பிப்ரவரி 11, புதன்

ஜோதி எப்படியோ ஷெர்லினின் புது எண்ணைப் பிடித்து, சுவரின் படத்தை அனுப்பியிருக்கிறாள். எனக்குக் குரல் செய்தி வந்தது. "டீச்சர், என் டைலு தலகீழா இருக்கு. அது நட்சத்திரம் இல்ல. எங்க மாடியில நின்னு பாத்தா கீழ கறுப்பு ரோட்டுல கம்பெனி பஸ்ஸுக்கு நிப்பாங்கல்லா? அவங்க மஞ்சத் தொப்பியாக்கும்."

விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிப் போன பிள்ளையின் டைல்! இனிப் பெயர்த்தால் உடைந்துவிடும். இவர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"செவுத்துல பாத்த அன்னிக்கே. அது எங்க ஸ்டாப்பு. ரெண்டு லைனா நிப்போம். ஓரத்துல ஒரு புள்ளி தனியா கீதே, அது கோதண்டம். டெய்லி லேட்டா ஓடியாருவான்."

"அப்பவே ஏன் சொல்லல? சிமெண்ட் ஈரமாத்தான இருந்துச்சி!"

கழற்றிய ஷூ இரண்டையும் ஒரே நேராகச் சுவரோரம் வைத்தார். "நாங்க நிக்கிற எடத்த ஆகாசத்துல வெச்சிருக்கீங்க. அதப் போயி எப்டி ரிஜெக்ட் பண்றது?"

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் முதல் ஆளாகப் போய், சுவர் முன்னால் குனிந்து பார்த்தேன். முப்பத்தைந்தாம் டைலின் ஓரத்தில், கடுகளவு ஒரு பச்சை மார்க்கர் புள்ளி. இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும். துடைக்கவில்லை. ஷெர்லினுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன், அந்தத் தொப்பிகளில் ஒன்று எங்கள் வீட்டுத் தொப்பி என்று.