வெற்று நாடா

பிப்ரவரி 4

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுவாள். ஒரு கண் வைத்திருங்கள்.

ஒரு வேலையாக எழுதுகிறேன். எங்கள் புதிய உணர்கருவியை அளவுதிருத்தம் செய்யப் பழைய கருவியின் பதிவுகள் தேவை. அவை நீங்கள் பணியாற்றிய ஆய்வுக்கூடத்தின் காப்பறையில், காந்த நாடாக்களில் கிடக்கின்றன. நேற்று நாற்பத்தோராம் நாடாவை எடுத்தேன். மேலே, அங்கே உங்களோடு வேலை பார்த்த என் தம்பியின் கையெழுத்தில் ‘வெற்று’ என்றிருந்தது.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், நிர்வாக அதிகாரியாக நீங்கள் எழுதிய அறிக்கை நினைவிருக்கும்: ‘அளவுதிருத்தப் பதிவை இவர் எடுக்கவே இல்லை, நாடா வெற்று.’ அதன்பேரில் அவன் வேலை போனது. மறு ஆண்டு அவனும் போனான்.

அந்த நாடாவை அன்று யாராவது ஓட்டிப் பார்த்தீர்களா?

அன்புடன்,
உங்கள் மைத்துனன்

பிப்ரவரி 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அக்கா பரவாயில்லை. ஒரு போன் போட்டிருந்தா பேசியே முடிச்சிருக்கலாம். நீங்க கடுதாசி எழுதினா பிரிக்கவே பயமா இருக்கு.

ஓட்டிப் பார்க்கலை. “இதுல என்னடா இருக்கு?”ன்னு கேட்டேன். “வெற்று ஓட்டம், அத்தான்”னான். நாளைக்கே அறிக்கை வேணும்னு மேலே நெருக்கினாங்க. எழுதிட்டேன். பத்து நாள் கழிச்சு வீட்டுக்கு வந்து ஏதோ விளக்கினான். புரிஞ்சுது. ஆனா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தை எப்படித் திரும்பக் கேட்கிறது? சொந்த மச்சானைக் காப்பாத்தினான்னு பேர் வராதா?

போனதைக் கிளறாதீங்க. உங்க அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
அத்தான்

மார்ச் 2

ஐயா,

கதிர்வீசும் பொருள் எதையும் முன்னே வைக்காமல் கருவியை ஓடவிட்டு, அதன் சொந்த இரைச்சலை மட்டும் பதிவது வெற்று ஓட்டம். அந்த இரைச்சலைக் கழிக்காமல் எந்த அளவும் அளவாகாது. அவன் நாடாவின் மேல் ‘வெற்று’ என்று குறித்ததும், உங்கள் வீட்டில் ‘ஏதோ’ விளக்கியதும் இதைத்தான்.

நாடாவில் பசை கசிந்திருந்தது. எட்டு மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்தெடுத்து ஓட்டினோம். ஆறு மணி நேரப் பதிவு, ஓரிடத்திலும் பிசகில்லை. எங்கள் புதிய கருவி இன்று அவன் எண்களின் மேல்தான் நிற்கிறது.

அறிக்கையைத் திருத்தக் கோரி நிர்வாகக் குழுவுக்கு எழுதிவிட்டேன். உங்கள் கடிதத்தின் நகலையும் இணைத்திருக்கிறேன். இன்னொரு நகல் அக்காவின் பெயருக்குத் தனி உறையில் வருகிறது. அதை நீங்கள் பிரிக்க வேண்டாம்.

எனக்குப் பதில் எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம். வெற்று உறையே வந்தாலும் பிரித்துப் பார்ப்பேன். பார்க்காமல் எழுதும் பழக்கம் எனக்கில்லை.

இப்படிக்கு,
அவனுடைய அண்ணன்