மாமி திறந்த யன்னல்

மாமி,

இன்று காலை காலி வீதி மருந்துக் கடையில் ஓடிக்கொலோன் போத்தல் ஒன்று வாங்கினேன். வீடு வரும்வரை பொறுக்கவில்லை. கடை வாசலிலேயே கைலேஞ்சியில் ஊற்றிக் கழுத்தைத் துடைத்தேன். நீங்களும் அப்படித்தான் துடைப்பீர்கள். மணத்தோடு நீங்களே வந்துவிட்டீர்கள்.

மருமகளாக உங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்தைந்து, உங்களுக்கு ஐம்பது. கடற்பக்க யன்னலை நீங்கள் திறப்பீர்கள், நான் சாத்துவேன். உப்புக் காற்றில் என் சீதனத் தையல் மெஷின் துருப்பிடித்துவிடுமே என்பது என் கவலை. நாம் வாய் திறந்து சண்டை பிடித்ததில்லை. யன்னல் அடிபடும் சத்தத்தை வைத்தே மாமா வீட்டு நிலவரத்தை அறிந்துகொள்வார்.

வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போய்வந்த நீங்கள், நான் வந்த பிறகு போவதையே நிறுத்தினீர்கள். அர்ச்சனைத் தட்டை என்னிடம் நீட்டி, முகத்தைப் பார்க்காமல், "நீ போயிட்டு வா பிள்ளை" என்பீர்கள். மருமகளோடு சேர்ந்து போகப் பிடிக்கவில்லையாக்கும் என்றார் அடுத்த வீட்டு அன்ரி. நானும் நம்பினேன். தேத்தண்ணீர்க் கோப்பையை நீங்கள் தடாரென்று வைத்ததையும், ஒன்றுமில்லாததற்குக் கண் கலங்கியதையும் என்மேல் உள்ள வெறுப்பென்றே எடுத்துக்கொண்டேன். உங்கள் மகனை நச்சரித்து, ஒரு வருடத்திலேயே கிருலப்பனையில் வாடகை வீட்டுக்குப் போனோம். நாங்கள் படியிறங்கும்போது, "யன்னலைச் சாத்திக்கொண்டு சுகமாய் இருங்கோ" என்றீர்கள். அந்தக் கோபத்தில் மூன்று மாதம் உங்களை எட்டிப் பார்க்கவில்லை.

மகள் பிறந்த பிறகுதான் ராசியானோம். ஒருநாள் அவளைக் குளிப்பாட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "அந்த நாளையில எனக்கு எப்ப வரும் எண்டே தெரியாது பிள்ளை. ஒருக்கா கோயிலுக்குள்ளயே வந்திட்டுது. பிறகு பயத்தில போகேல்லை." நான் ஓம் மாமி என்றுவிட்டுத் துவாய் எடுக்கப் போனேன். அந்த வயதில் அது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் காலமான பிறகு இந்த வெள்ளவத்தை வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டோம். போன வெள்ளி, நான்கு மாதம் வராதிருந்தது எனக்கும் கோயிலுக்குள் வந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் சுற்றிக்கொண்டு வெளியேறினேன். ஓட்டோவில் உங்களை நினைத்து அழுதேன்.

நேற்று டொக்டரிடம் போனேன். மாதவிடாய் நிற்பதற்கு முன் சில வருடங்கள் இப்படித்தான் முன்பின்னாகும், உடம்பு திடீரென்று கொதிக்கும், நித்திரை குழம்பும், கோபமும் அழுகையும் சொல்லாமல் வரும் என்றார். பருத்தி உடுப்புப் போட, கோப்பியைக் குறைக்க, பின்னேரம் நடக்கச் சொன்னார். அளவுக்கு மீறிப் போனால் உடனே காட்ட வேண்டுமாம். முக்கியமாக வீட்டாருக்குச் சொல்லுங்கள் என்றார். பத்து நிமிடக் கதை, மாமி. அது தெரியாமல்தான் உங்களை நோகடித்துவிட்டுப் போனேன். அந்தக் கவலை எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். உங்கள் மகன் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்:

"அம்மாவுக்கும் அப்ப இதுதானோ?"

ஓம் என்றேன். அவர் எழும்பிப் போய், சாப்பிடாத கையால் யன்னலைத் திறந்துவிட்டார். தையல் மெஷின் இப்போதும் அதற்குக் கீழேதான் இருக்கிறது. துருப்பிடித்தால் பிடிக்கட்டும், மாமி.